கிரெட்ஸ்கி போன கோடையும் கால்கரிக்காரர்கள் போட்ட கணக்கும்

எதிர் அணியின் மிகப் பெரிய ஆட்டக்காரன் திடீரென்று வேறு ஊருக்கு விற்கப்பட்டு விட்டால் நீங்கள் சந்தோஷப்படுவீர்களா, பயப்படுவீர்களா? "இதென்ன கேள்வி, சந்தோஷம்தான்" என்று தோன்றும். 1988-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் கனடாவில் ஒரு ஊர் முழுக்க இந்தக் கேள்வியோடு அலைந்தது. அந்த ஊரின் பெயர் கால்கரி. விற்கப்பட்ட ஆட்டக்காரர் வெய்ன் கிரெட்ஸ்கி. விற்ற அணி எட்மன்டன் ஆயிலர்ஸ்.

முதலில் ஒரு விஷயம். நம் ஊரில் ஹாக்கி என்றால் புல்தரையில் ஆடுவது. கனடாவில் ஹாக்கி என்றால் ஐஸ் ஹாக்கிதான். காலில் ஸ்கேட்ஸ், கையில் மட்டை, பந்துக்குப் பதிலாக 'பக்' என்ற ரப்பர் வட்டு. குழந்தைகள் நடக்கக் கற்றுக்கொண்ட கையோடு ஸ்கேட்டிங் கற்றுக்கொள்ளும் நாடு அது. வட அமெரிக்காவின் பெரிய தொழில்முறை லீகான என்.ஹெச்.எல்.-இல் கோப்பையின் பெயர் ஸ்டான்லி கோப்பை. இவ்வளவு தெரிந்தால் மீதிக் கதை புரிந்துவிடும்.

இரண்டு ஊர், ஒரே மாகாணம்

எட்மன்டனும் கால்கரியும் ஆல்பர்ட்டா மாகாணத்தில் இருக்கின்றன. இடையில் சுமார் 300 கிலோமீட்டர். எட்மன்டன் தலைநகரம். கால்கரியில் எண்ணெய்க் கம்பெனிகளின் தலைமை அலுவலகங்கள். எது பெரிய ஊர் என்ற சண்டை ஹாக்கிக்கு முன்பே இருந்தது. எட்மன்டன் ஆயிலர்ஸ் 1979-இல் என்.ஹெச்.எல்.-க்குள் வந்தது. 1980-இல் அமெரிக்காவின் அட்லாண்டாவில் இருந்த ஃபிளேம்ஸ் அணி கால்கரிக்கு இடம் பெயர்ந்தது. அவ்வளவுதான், பழைய சண்டைக்குப் புதிய மைதானம் கிடைத்துவிட்டது.

இதில் லீகின் விதியும் எண்ணெய் ஊற்றியது. இரண்டு அணிகளும் ஸ்மைத் டிவிஷன் என்ற ஒரே பிரிவில் இருந்தன. பிளேஆஃபின் முதல் இரண்டு சுற்றுகளும் அந்தந்தப் பிரிவுக்குள்ளேயே நடக்கும். அதாவது ஒருவர் மேலே போக வேண்டுமென்றால் பெரும்பாலும் மற்றவரைத் தாண்டித்தான் போக வேண்டும். 1983 முதல் 1990 வரை எட்டு வருடமும் ஸ்டான்லி கோப்பை இறுதிப் போட்டியில் இந்த இரண்டில் ஏதாவது ஒரு அணி இருந்தது. எட்டில் ஆறு முறை அது எட்மன்டன்.

எட்மன்டன் 1984, 1985, 1987, 1988 என்று நான்கு கோப்பைகளை வென்றது. 1986-இல் மட்டும் கால்கரி அவர்களை ஏழாவது ஆட்டத்தில் வீழ்த்தியது. அதுவும் எப்படி? ஸ்டீவ் ஸ்மித் என்ற எட்மன்டனின் இளம் தடுப்பாட்டக்காரர் தட்டிய பக், தன் கோல்கீப்பரின் காலிலேயே பட்டு சொந்த வலைக்குள் போய்விட்டது! கால்கரிக்காரர்களுக்கு அது இனிப்பான நினைவுதான். ஆனால் அந்த வருடமும் இறுதிப் போட்டியில் மான்ட்ரியலிடம் தோற்றார்கள்.

1987-88 சீசன் இன்னும் கொடுமை. லீகிலேயே அதிகமாக 105 புள்ளிகள் எடுத்து முதலிடத்தில் முடித்தது கால்கரி. 'இந்த வருடம் நம்முடையது' என்று ஊரே நம்பியது. பிளேஆஃபில் எட்மன்டன் வந்தது. 4-0. நான்கு ஆட்டத்தில் கதை முடிந்தது. இரண்டாவது ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில், தன் அணி ஒரு ஆள் குறைவாக ஆடிக்கொண்டிருந்தபோதே கிரெட்ஸ்கி ஒரு கோல் அடித்தார். கால்கரி ரசிகர்கள் அதை மறக்கவே இல்லை. அந்த பிளேஆஃபில் 19 ஆட்டங்களில் 43 புள்ளிகள் எடுத்து, தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருதையும் வாங்கினார்.

இந்தக் காயம் ஆறுவதற்குள்தான் ஆகஸ்ட் 9 வந்தது.

விற்பனைச் சீட்டு

அன்று எட்மன்டனில் நடந்த பத்திரிகையாளர் சந்திப்பில் கிரெட்ஸ்கி பேச முடியாமல் அழுதார். அந்தக் காட்சி கனடா முழுக்க டிவியில் ஓடியது. கொடுக்கல் வாங்கல் இதுதான்:

எட்மன்டன் கொடுத்தது: வெய்ன் கிரெட்ஸ்கி, மார்ட்டி மெக்சார்லி, மைக் குருஷெல்னிஸ்கி.

லாஸ் ஏஞ்சல்ஸ் கிங்ஸ் கொடுத்தது: ஜிம்மி கார்சன், மார்ட்டின் ஜெலினா, 1989, 1991, 1993 ஆண்டுகளின் முதல் சுற்று டிராஃப்ட் உரிமைகள், கூடவே 1.5 கோடி அமெரிக்க டாலர் ரொக்கம்.

டிராஃப்ட் உரிமை என்பது, புதிதாக லீகுக்கு வரும் இளைஞர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. இன்னும் யாரென்றே தெரியாத ஒரு பையனுக்கான முன்பதிவுச் சீட்டு என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆயிலர்ஸ் முதலாளி பீட்டர் பாக்லிங்டன். எட்மன்டனில் கெய்னர்ஸ் என்ற இறைச்சித் தொழிற்சாலையும் அவருடையதுதான். 1986-இல் அங்கே நடந்த நீண்ட வேலைநிறுத்தம் மாகாணத்தையே உலுக்கியது. அதே வருடம் கச்சா எண்ணெய் விலையும் சரிந்து ஆல்பர்ட்டாவின் பொருளாதாரம் படுத்துவிட்டது. அவருடைய மற்ற தொழில்களுக்குப் பணம் தேவைப்பட்டதுதான் விற்பனைக்குக் காரணம் என்பது அன்றும் இன்றும் பரவலான கருத்து.

வணிகவியல் மாணவர் எவரும் இதை ஒரு சொத்து விற்பனையாகப் பார்க்கலாம். சொத்தின் வயது 27. அது தேயும் சொத்து. சந்தை விலை உச்சத்தில் இருக்கிறது. இன்னும் சில வருடங்களில் ஒப்பந்தம் முடிந்தால் கையில் காசே வராமல் போகலாம். இப்போதே விற்றால் ரொக்கம் வரும். தாளில் போட்டுப் பார்த்தால் தவறென்று சொல்ல முடியாத கணக்கு. ஆனால் அந்தச் சொத்தின் மேல் ஊருக்கும் பாத்தியதை உண்டு என்று ஊர் நினைத்தது. அது எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறாத பாத்தியதை.

எட்மன்டன் ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். பாக்லிங்டனின் கொடும்பாவி எரிக்கப்பட்டது. நெல்சன் ரீஸ் என்ற நாடாளுமன்ற உறுப்பினர், அரசாங்கமே இந்த விற்பனையைத் தடுக்க வேண்டும் என்று கேட்டார். சிலர் கிரெட்ஸ்கி மூன்று வாரத்துக்கு முன் திருமணம் செய்திருந்த அமெரிக்க நடிகை ஜேனட் ஜோன்ஸ் மேல் பழி போட்டார்கள். எந்த ஊரானாலும் வீட்டுக்கு வந்த மருமகள் மேல் பழி போடுவது சுலபம் போலிருக்கிறது.

கால்கரியில் மூன்று கட்சி

சரி, 300 கிலோமீட்டர் தெற்கே என்ன நடந்தது? கால்கரி ரசிகனுக்கு இருந்த நியாயங்களை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதல் கட்சி: "தொல்லை விட்டது." ஒரு சீசனில் 92 கோல், இன்னொரு சீசனில் 215 புள்ளிகள் என்று யாரும் எட்டாத சாதனைகளை வைத்திருந்த மனிதர் இனி எட்மன்டனில் இல்லை. 105 புள்ளி எடுத்த அணிக்கு இருந்த ஒரே தடை நகர்ந்துவிட்டது. இனி கோப்பை கால்கரிக்குத்தான்.

இரண்டாவது கட்சி: "தொல்லை எங்கே விட்டது?" கொஞ்சம் விவரமானவர்களின் வாதம் இது. கிரெட்ஸ்கி எங்கோ கிழக்கே போகவில்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் கிங்ஸும் அதே ஸ்மைத் டிவிஷன்தான்! முன்பு ஒரு புலி இருந்த காட்டில் இப்போது இரண்டு. எட்மன்டனில் மார்க் மெஸ்ஸியே, யாரி குர்ரி, க்ளென் ஆண்டர்சன், கோல்கீப்பர் க்ராண்ட் ஃப்யூர் எல்லோரும் அப்படியே இருக்கிறார்கள். வந்திருக்கும் ஜிம்மி கார்சனோ 19 வயதில் ஒரே சீசனில் 55 கோல் அடித்த பையன். கையில் ரொக்கமும் டிராஃப்ட் உரிமையும் வேறு.

மூன்றாவது கட்சி: "இது எட்மன்டன் பிரச்சினை மட்டுமல்ல." கனடாவின் மிகச் சிறந்த ஆட்டக்காரனையே அமெரிக்கப் பணம் தூக்கிக்கொண்டு போக முடியும் என்றால் நாளைக்கு நம் அணியில் யாரைத்தான் தூக்க முடியாது? இவர்கள் எண்ணிக்கையில் குறைவாகத்தான் இருந்திருப்பார்கள். எதிரி வீட்டில் தீப்பிடிக்கும்போது காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று யோசிப்பவர்கள் எப்போதும் குறைவுதானே.

யாரும் பேசாத இன்னொரு வியாபாரம்

எல்லோரும் எட்மன்டனையே பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கோடையில் கால்கரியின் மேலாளர் க்ளிஃப் ஃப்ளெட்சர் வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். 1988 மார்ச்சிலேயே பிரெட் ஹல் என்ற இளம் கோல் மன்னனை செயின்ட் லூயிஸ் அணிக்குக் கொடுத்து, தடுப்பாட்டக்காரர் ராப் ராமேஜையும் கோல்கீப்பர் ரிக் வாம்ஸ்லியையும் வாங்கியிருந்தார். செப்டம்பர் 6-ஆம் தேதி, அதாவது கிரெட்ஸ்கி விற்பனை நடந்து நான்கே வாரத்தில், அதே செயின்ட் லூயிஸிடம் மைக் புல்லர்ட் உட்படச் சிலரைக் கொடுத்துவிட்டு டக் கில்மோரை வாங்கினார்.

கில்மோர் உருவத்தில் சிறியவர். தாக்குதலிலும் தடுப்பிலும் ஒரே மூச்சாக உழைப்பவர். எட்மன்டனிடம் நான்கு ஆட்டத்தில் நசுங்கிய அணிக்கு என்ன குறை என்று பார்த்து அந்த இடத்தில் வைத்த ஆள். கிரெட்ஸ்கி செய்தியின் சத்தத்தில் இந்தச் செய்தி யார் காதில் விழுந்திருக்கும்?

யார் சொன்னது சரி?

1988-89 சீசன் தொடங்கியது. கிங்ஸ் அணி பழைய மஞ்சள், ஊதா நிறங்களை விட்டுவிட்டு கறுப்பு, வெள்ளி உடைக்கு மாறியது. முதல் ஆட்டத்தில் முதல் அடியிலேயே கிரெட்ஸ்கி கோல் போட்டார். அக்டோபர் 19-இல் எதிரணி உடையில் முதல்முறையாக எட்மன்டன் வந்தபோது ஆயிலர்ஸ் 8-6 என்று ஜெயித்தது. ஆனால் சீசன் முடிவில் முந்தைய வருடம் 68 புள்ளிகள் எடுத்த கிங்ஸ் 91 புள்ளிகளுக்கு ஏறியது. 99 எடுத்திருந்த எட்மன்டன் 84-க்கு இறங்கியது. கால்கரி? 117 புள்ளிகள். மறுபடியும் லீகில் முதலிடம்.

பிளேஆஃபில்தான் வேடிக்கை. முதல் சுற்றில் கிங்ஸும் எட்மன்டனும் மோதின. 3-1 என்று பின்தங்கியிருந்த கிங்ஸ், கடைசி மூன்று ஆட்டங்களையும் ஜெயித்து எட்மன்டனை வீட்டுக்கு அனுப்பியது. அடுத்த சுற்றில் களைத்து வந்த கிங்ஸை கால்கரி 4-0 என்று முடித்தது. 1989 மே 25 அன்று மான்ட்ரியலின் சொந்த மைதானத்திலேயே அந்த அணியை வென்று கோப்பையை எடுத்தது. மான்ட்ரியல் ஃபோரம் மைதானத்தில் அந்த அணியைத் தோற்கடித்து எந்த வெளியூர் அணியும் அதுவரை கோப்பை தூக்கியதில்லை. கடைசி ஆட்டத்தில் இரண்டு கோல் அடித்தவர் யார்? டக் கில்மோர். ஓய்வுபெறும் தறுவாயில் இருந்த லானி மெக்டொனால்டும் ஒரு கோல் போட்டார். கால்கரி ஃபிளேம்ஸின் முதல் கோப்பை அது. 2025 வரை அதுவே ஒரே கோப்பையும்கூட.

ஆக, முதல் கட்சி ஜெயித்துவிட்டது போலத் தெரிகிறது, இல்லையா? கொஞ்சம் பொறுங்கள்.

அந்த வருடம் முதல் சுற்றிலேயே கால்கரி, வான்கூவரிடம் ஏழாவது ஆட்டத்தின் கூடுதல் நேரம் வரை திணறித்தான் தப்பியது. அப்போது கோல்கீப்பர் மைக் வெர்னன் சில அடிகளைத் தடுத்திருக்காவிட்டால் இந்தக் கட்டுரையின் முடிவே வேறு. அதைவிட முக்கியம், எட்மன்டன் கால்கரியிடம் தோற்கவே இல்லை. அவர்களை வெளியேற்றியது கிரெட்ஸ்கி. கால்கரி தன் பழைய எதிரியைச் சந்திக்காமலே மேலே போனது.

அடுத்த வருடம், 1990. கால்கரி நடப்புச் சாம்பியன், டிவிஷனிலும் முதலிடம். முதல் சுற்றில் நான்காம் இடத்தில் இருந்த கிங்ஸ் வந்தது. ஆறாவது ஆட்டம், இரண்டாவது கூடுதல் நேரம். கீழே விழுந்த நிலையிலேயே ஒருவர் தட்டிய பக் வலைக்குள் போனது. கால்கரி அவுட்! தட்டியவர் மைக் குருஷெல்னிஸ்கி. ஆகஸ்ட் 9-ஆம் தேதிப் பட்டியலில் கிரெட்ஸ்கி பெயருக்குப் பின்னால் மூன்றாவதாக இருந்த, யாரும் பெரிதாகப் பேசாத அதே குருஷெல்னிஸ்கி.

அடுத்த சுற்றில் அந்த கிங்ஸை 4-0 என்று அனுப்பியது எட்மன்டன். பிறகு இறுதிப் போட்டியில் பாஸ்டனை வென்று ஐந்தாவது கோப்பையையும் எடுத்தது. கிரெட்ஸ்கி இல்லாமல்!

இரண்டு வருடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1989-இல் கிங்ஸ் முதல் சுற்றில் எட்மன்டனை வெளியேற்றியது, கோப்பை கால்கரிக்கு. 1990-இல் கிங்ஸ் முதல் சுற்றில் கால்கரியை வெளியேற்றியது, கோப்பை எட்மன்டனுக்கு. இரண்டாவது கட்சி சொன்னது இதைத்தான். தொல்லை போகவில்லை, இடம் மாறியது.

எட்மன்டன் எப்படி மீண்டது? ஜிம்மி கார்சன் முதல் சீசனில் 49 கோல் அடித்தார். ஆனால் கிரெட்ஸ்கிக்குப் பதில் வந்தவர் என்ற பாரம் அவருக்குப் பிடிக்கவில்லை. 1989 நவம்பரில் அவரை டெட்ராய்ட்டுக்குக் கொடுத்து பெட்ர் க்ளீமா, ஆடம் கிரேவ்ஸ், ஜோ மர்ஃபி ஆகியோரை வாங்கினார்கள். 1990 இறுதிப் போட்டியின் முதல் ஆட்டத்தில், மூன்றாவது கூடுதல் நேரத்தில் வெற்றி கோல் அடித்தவர் அந்த க்ளீமா. கிரேவ்ஸும் மர்ஃபியும் கிரெட்ஸ்கிக்காக வந்த இன்னொரு பையன் ஜெலினாவோடு ஒரே வரிசையில் ஆடினார்கள். அதற்கு 'பொடியன்கள் வரிசை' என்றே செல்லப்பெயர். கேப்டன் மெஸ்ஸியே அந்த வருடம் லீகின் மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருதை வாங்கினார். ஒரு சொத்தை விற்று, அதில் வந்ததை மறுபடி விற்று, நான்கு இளம் சொத்துகளாக மாற்றியிருந்தார்கள்.

ஆனால் இதை வைத்து பாக்லிங்டன் செய்தது சரி என்று முடிவு கட்டினால் அதுவும் பிழை. டிராஃப்ட் உரிமைகளைப் பாருங்கள். 1991-இல் கிடைத்த மார்ட்டின் ருச்சின்ஸ்கி எட்மன்டனுக்காக ஆடியது இரண்டே ஆட்டம். 1993-இல் கிடைத்த நிக் ஸ்டாய்துகாரும் என்.ஹெச்.எல்.-இல் ஆடியது இரண்டே ஆட்டம். 1990-க்குப் பிறகு 2025 வரை எட்மன்டன் கோப்பையைத் தொடவில்லை.

மூன்றாவது கட்சியின் நாள்

இப்போது அந்தச் சிறுபான்மை மூன்றாவது கட்சிக்கு வருவோம். 1990-களில் கனடா டாலர் சரிந்தது. வசூல் கனடா டாலரில், சம்பளம் அமெரிக்க டாலரில். சம்பளங்களோ ஏறிக்கொண்டே போயின. மெஸ்ஸியே 1991-இல் நியூயார்க் போனார். கால்கரியில் சம்பளத் தகராறு முற்றி 1992 ஜனவரியில் டக் கில்மோரும் டொரன்டோ போனார். கோப்பையைத் தூக்கிய மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். 1995-இல் க்யூபெக் அணியே அமெரிக்காவுக்கு இடம் பெயர்ந்தது. 1996-இல் வின்னிபெக் அணி. பாக்லிங்டன் கடன் சுமையில் 1998-இல் ஆயிலர்ஸை உள்ளூர் முதலீட்டாளர்கள் குழு ஒன்றிடம் விற்றார். கிரெட்ஸ்கியை வாங்கிய கிங்ஸ் முதலாளி புரூஸ் மெக்னால் வங்கிகளை ஏமாற்றிய வழக்கில் 1994-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு பிறகு சிறைக்குப் போனார். ஊரே பொறாமைப்பட்ட அந்தப் பணம் கடன் வாங்கிய பணம்!

1989 கோப்பைக்குப் பிறகு கால்கரி 2004 வரை ஒரு பிளேஆஃப் சுற்றில்கூட ஜெயிக்கவில்லை. 1991-க்குப் பிறகு இரண்டு ஊர்களும் பிளேஆஃபில் மறுபடி சந்திக்கவே 2022 வரை ஆனது. எதிரி நலிந்ததும் நாம் செழிப்போம் என்று நினைத்தவர்கள், எதிரியை நலியவைத்த அதே நோய் தங்களுக்கும் வரும் என்று எண்ணவில்லை.

எதிர் அணியின் பட்டியலை ஆராயும் ரசிகர்கள் எல்லோரும் செய்கிற பிழை இதுதான். பெரிய பெயரைக் கூட்டிக் கழிப்பார்கள். மூன்றாவது பெயரை விட்டுவிடுவார்கள். சொந்த அணி சத்தமில்லாமல் செய்ததைக் கவனிக்க மாட்டார்கள். ஏன் விற்றார்கள் என்ற கேள்வியைக் கேட்கவே மாட்டார்கள்.

கடைசியாக ஒரு தகவல். 2004-இல் பதினைந்து வருட வறட்சிக்குப் பின் கால்கரி மூன்று சுற்றுகளை ஜெயித்து இறுதிப் போட்டி வரை போனது. மூன்று சுற்றிலும் தொடரை முடித்து வைத்த வெற்றி கோலை அடித்தவர் ஒரே ஆட்டக்காரர். 34-ஐ நெருங்கிக்கொண்டிருந்த அவர் பெயர் மார்ட்டின் ஜெலினா. ஆம், 1988-இல் கிரெட்ஸ்கிக்குப் பதிலாக எட்மன்டனுக்கு வந்த அதே 18 வயதுப் பையன். அன்று விற்பனைச் சீட்டைப் படித்துக் கூட்டிக் கழித்த எந்தக் கால்கரி ரசிகனும் அந்தப் பெயரைத் தன் பக்கத்து வரவில் எழுதியிருக்க மாட்டான்.